வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள்

தேனி,
14.2.1999

அன்புள்ள தம்பி ஸ்டான்லிக்கு, அக்கா சாராள் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அத்தானும் அபிதாவும் சுகம். போடியில் அம்மாவும் சுகம். மூட்டுதான் வலிக்கிறதாம். வாய்க்கு ஒரு வலியும் வரவில்லை, வழக்கம்போல எல்லாரையும் வைதுகொண்டிருக்கிறாள். மஸ்கட்டில் நீ நலமாயிருக்க எங்கள் ஜெபத்தில் தினமும் உன்னை நினைக்கிறோம். நீ அனுப்பிய போட்டோ வந்தது. வெயிலில் கறுத்துப் போயிருக்கிறாய். ஆனாலும் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருப்பதைப் பார்த்து மனசு குளிர்ந்தது. மகிமாவை அடக்கம் பண்ணிய பிறகு நீ இருந்த கோலத்தை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்காதே. நம் ஹார்டுவேர் கடையில் போன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆணி வாங்க வந்தவர்கூட, ஆணியை வாங்கிய பிறகும் போகாமல் நான் பேசி முடிக்கிற வரை நின்று கேட்கிறார். நான் இப்போது எழுதப்போகிற செய்தி தேனி பஜாருக்குத் தெரியக்கூடாத செய்தி.

சிரிக்காமல் படி. உன் அக்கா துப்பறிகிறவள் ஆகிவிட்டேன். முழுநேரமும் இல்லை. மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரத்திலும், அபிதா பள்ளிக்கூடம் போயிருக்கிற நாட்களிலும் மட்டும்தான்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள் ஒருவர் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று கடைக்கு வந்தார். உன் அத்தான் நாலைந்து குழாய்களை எடுத்துப் போட்டார். வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்தாரே தவிர, திருகிப் பார்க்கவே இல்லை. எதிர்க்கடைக்காரர் மகன் எப்படி, கடையில் ஒழுங்காக உட்காருகிறானா என்று பேச்சு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அவர் படியிறங்கியதும் நான் உன் அத்தானிடம், இவர் குழாய் வாங்க வந்தவர் இல்லை, எதிர்க்கடைப் பையனைப் பற்றி விசாரிக்க யாரோ அனுப்பிய ஆள், குழாய் வாங்குகிறவன் திருகிப் பார்க்காமல் இருப்பானா என்றேன். மனிதர் இன்னும் கீழே நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டார்.

அவர் பெயர் கர்ணன். போலீசிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றியும், பெண் எடுக்கிறவர்கள் பெண்ணைப் பற்றியும் ரகசியமாகக் கேட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கு ஒரு பெண் ஆள் தேவையாம். ஆம்பள போனா வாசலோட பேசி அனுப்பிர்றாக, பொம்பளைன்னா அடுப்படி வரைக்கும் கூப்பிட்டு உக்கார வைப்பாக, நீங்க செய்றீகளாம்மா என்று கேட்டார். உன் அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமான நாள்லருந்து என்னய வேவு பாக்குறத விட்டு இனிமே ஊரைப் பாக்கட்டும், எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

முதல் வேலையிலேயே மூக்குடைபட்டேன். மயிலாடும்பாறையில் ஒரு மாப்பிள்ளை. சொந்தக்காரப் பெண்ணுக்கு வரன் பார்ப்பவளாகப் போனேன். டீக்கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூடத்து வாத்தியார், பக்கத்து வீடு, எல்லாரும் ஒரே பாட்டு. தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, கண்ணை மூடிக்கிட்டுப் பிள்ளையக் குடுங்க. நானும் அப்படியே எழுதி அனுப்பினேன். கர்ணன் சார் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். உலகத்திலே இவ்வளவு நல்லவன் ஒருத்தனும் இல்லம்மா, மறுபடி போங்க, ஆனா கல்யாணம்னு வாயே திறக்காதீக என்றார்.

இரண்டாம் முறை வாடகைக்கு வீடு தேடுகிறவளாகப் போனேன். மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் காலியாக ஒன்று இருந்தது. என்னைத் தெரியாத வேறொரு பெண்ணிடம்தான் விசாரித்தேன். வயசுப்பிள்ளைய வச்சிக்கிட்டு இங்கன வராதீக, ரெண்டு வீடு தள்ளி இருக்கானே, அவன் குடிச்சா மனுசனே இல்ல, பெத்த தாயவே போட்டு அடிக்கிறான் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். யோசித்துப் பார், தம்பி. கல்யாணத்தைக் கலைத்த பாவம் நமக்கெதற்கு என்று வரன் கேட்டு வருகிறவர்களிடம் நம் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் குடிவருகிற குடும்பம் சங்கடப்படக்கூடாது என்று அவர்களே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. எந்தப் பாவத்துக்குப் பயப்படுவது என்பதில்தான் குழம்பிப் போகிறார்கள். அன்று முதல் எனக்கு ஒரே வேஷம்தான், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள்.

போன ஞாயிறு போடிக்குப் போய் அம்மாவோடு ஆராதனைக்குப் போனேன். மகிமாவின் அப்பா இம்மானுவேல் மாமாவைப் பார்த்தேன். குடைக்கடையை இன்னும் அவரேதான் திறந்து சாத்துகிறார். மாப்பிள்ளை சுகமா, வெயில்ல கஷ்டப்படுறாரா என்று முதலில் உன்னைத்தான் கேட்டார். தன் மகள் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்போதெல்லாம் உன் பெயரையும் சேர்த்தே சொல்கிறாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ ஒரு கடிதம் அவருக்கும் எழுது.

இரவில் ஈரத் தலையோடு படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்பு அக்கா,
சாராள்


தேனி,
9.5.1999

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். அபிதா ஒன்பதாம் வகுப்பு பாஸ். கணக்கில் எப்படிப் பாஸானாள் என்று துப்பறிய வேண்டும், அதற்கு எனக்கு நேரமில்லை.

உனக்கு ஒரு பெண் அமைந்திருப்பதாக அம்மா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். எனக்கும் சந்தோஷம்தான். எத்தனை நாளைக்கு நீ ஒற்றையாக இருப்பாய்? பெயர் ஞானசெல்வி. தேவதானப்பட்டியில் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். பெரியகுளத்தில் ஒரு கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து பார்த்தேன். என்னை அவளுக்குத் தெரியாது. பந்தியில் பரிமாறிக்கொண்டே முன்பின் தெரியாதவர்களிடம்கூட எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். சமையல்காரரிடம் ஐந்து நிமிஷம், பந்தல் போட்டவரிடம் ஐந்து நிமிஷம். வாயாடிதான், ஆனால் கெட்ட எண்ணம் துளியும் இல்லாத வாய். அவள் வந்தால் வீடு கலகலப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

இனி நான் சொல்வதை வேறு யாரிடமும் சொல்லாதே. போன வாரம் கர்ணன் சாரிடமிருந்து ஒரு கவர் வந்தது. பிரித்துப் பார்த்தால், விசாரிக்க வேண்டிய மாப்பிள்ளை யார் தெரியுமா? போடி ஸ்டான்லி, இப்போது மஸ்கட்டில் வேலை! நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் உன் அத்தான் ஏணியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பெண்ணின் அப்பா மதுரைக்குப் போய்க் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு விலாசமாகப் போடி அம்மா வீட்டைத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் சாராள் பொன்னுராஜ், தேனி. கர்ணன் சாருக்கு எப்படித் தெரியும்?

திருப்பி அனுப்புவதுதான் முறை. இவன் என் தம்பி, வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் வேறு ஆள் போய், உன்னைப் பிடிக்காத எவனிடமாவது எதையாவது கேட்டு வந்து எழுதிவிட்டால் என்ன செய்வது? அப்பா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவளைவிட உன்னைப் பற்றிச் சொல்லத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்? அதனால் நானே வைத்துக்கொண்டேன். தப்புதான். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

பெண்ணின் அப்பா ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருக்கிறார். முதல் மனைவியோடு நீ குடியிருந்த கூடலூருக்கு நேரில் போய், அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள், எப்படிச் செத்தாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறார். பெண்ணைப் பெற்றவர் கேட்கத்தானே செய்வார். எனக்குத் தெரிந்ததுதான். மகிமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். நீ பூச்சிமருந்துக் கம்பெனி வேலையாகக் குமுளிக்குப் போயிருந்தாய். சாரல் காலம். நீ திரும்பி வருவதற்குள் மூச்சுத் திணறி முடிந்துவிட்டது. இதை இங்கே உட்கார்ந்தபடியே எழுதி அனுப்பலாம்.

ஆனாலும் போகத்தான் போகிறேன். ஏன் என்று சொன்னால் சிரிப்பாய். அக்கா என்று தெரிந்தால் யாரும் நல்லதைத்தான் சொல்வார்கள். வீடு பார்க்க வந்தவளாகப் போய், என் தம்பி எப்படிப்பட்டவன் என்று ஓர் அந்நியர் வாயால் ஒருமுறையாவது கேட்க வேண்டும். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அடக்கத்துக்கு வந்தபோது அழுது வீங்கிப் போன முகத்தோடு மகிமாவின் தலைமாட்டை விட்டு நகராமல் இருந்தேன். அதற்கு முன் ஒரே தடவை வந்ததும் அவசரத்தில்தான். நீதான் அடிக்கடி வராதே, அவளுக்கு வேலை கெடுகிறது என்பாய்.

கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது எனக்கு எதுவும் வாங்கி வராதே. அபிதாவுக்கு ஒரு கைக்கடிகாரம் போதும். கர்த்தர் உன் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

உன் அன்பு அக்கா,
சாராள்


தேனி,
27.6.1999

தம்பி ஸ்டான்லிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நீ கடைக்குப் போன் செய்தாய். மே மாதம் போட்ட என் கடிதம் எங்கெங்கோ சுற்றி உனக்கு அன்றுதான் கிடைத்ததாம். எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், கூடலூர் போனியா என்றாய். நான் இல்லை என்றேன். போக வேணாம்க்கா, இங்கன இருந்தே எழுதி அனுப்பிரு, அங்கன உள்ளவுக பொறாமை பிடிச்சவுக என்றாய். சரி என்றேன். உடனே உன் குரல் இளகிவிட்டது. அபிதாவுக்கு எந்த நிறத்தில் கைக்கடிகாரம் வேண்டும் என்று கேட்டாய். தம்பி, நான் சொன்னது பொய். அதற்கு முந்தின நாளே கூடலூர் போய் வந்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். எனக்கு வேறு வழியில் சொல்லத் தெரியவில்லை.

காலையில் பஸ் ஏறும்போது தேனியில் நல்ல வெயில். கம்பம் தாண்டியதும் மலைப்பக்கமிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. கூடலூரில் இறங்கி, குமுளி ஜீப்புகள் நிற்கிற இடத்தைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களை ஒட்டி நீங்கள் இருந்த அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வீடு வாடகைக்கு என்று சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது. எழுதியதே அழிகிற அளவுக்கு நாளாகிவிட்டது. எதிர் வீட்டு வாசலில் ஒரு பெண் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பெயர் கஸ்தூரியம்மாள். உனக்குத் தெரிந்திருக்கும். என் வயதுதான் இருக்கும்.

வீடு பார்க்க வந்தேன், தேனியிலிருந்து மாற்றலாகி வருகிறோம், நாங்கள் மூன்று பேர், ஒரு பெண் பிள்ளை என்றேன். சாவி வீட்டுக்காரர் இந்தா எங்கிட்டதான் குடுத்து வச்சிருக்காக, ஆனா அந்த வீடு வேணாம் ஆத்தா என்றாள். ஏன், தண்ணீர் வராதா என்று கேட்டேன். கஸ்தூரியம்மாள் கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு பிள்ள செத்த வீடு, அதுக்கு முன்னாடி உயிரோட இருந்தப்பவும் அது வாழ்ந்த மாதிரி இல்ல என்றாள்.

எனக்கு அப்போதே திரும்பி வந்துவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் கால் உள்ளே போனது. வீட்டைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சாவியை வாங்கி நானே திறந்தேன். அவள் பின்னால் வந்தாள். முன்னறை, சமையலறை, அப்புறம் புழக்கடைக் கதவு. அந்தக் கதவைத் திறந்து வெளிப்பக்கம் பார்த்தேன். நிலையில் ஒரு கொண்டி வளையம் இருந்தது. பூட்டு மாட்டுகிற வளையம். கதவுப் பலகையில் கொண்டி இருந்த இடத்தில் பெயிண்ட் இல்லாத பட்டையும் நான்கு ஸ்குரூ ஓட்டைகளும். யாரோ அவசரமாகக் கழற்றியதில் மரம் பெயர்ந்திருந்தது.

நான் ஹார்டுவேர் கடைக்காரர் மனைவி, ஸ்டான்லி. வெளியே போகிறவர் முன்கதவைப் பூட்டினால், பின்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு போவார். வெளிப்பக்கம் பூட்ட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே ஆள் இருந்தால்தான் பின்கதவுக்கும் வெளியே பூட்டு வேண்டும். அந்த வளையத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. சேலத்துக்காரரிடம் நம் கடை மட்டும் வாங்கிப் போட்ட கனமான சரக்கு. கம்பெனி மருந்து டப்பாக்களை வைக்கிற அறைக்கு என்று சொல்லி நீ கொண்டியும் பூட்டும் வாங்கிப் போனாய். உன்னிடம் காசு வாங்கக் கூடாது என்று நான்தான் அத்தானிடம் சொன்னேன்.

நீ கேட்டால் மறுப்பாய் என்பதால் கஸ்தூரியம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்தப் பிள்ள வந்த புதுசுல எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசும், பால்காரர்கிட்ட, ஜீப் டிரைவர்கிட்ட, எங்க வீட்டுக்காரர்கிட்ட. அது அந்தப் பிள்ளையோட புருசனுக்குப் பிடிக்கல. முதல்ல சன்னலச் சாத்தச் சொன்னாக. அப்புறம் வேலைக்குப் போறப்ப முன்னாடி பின்னாடி ரெண்டு கதவையும் பூட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சாக. நான் ஒருதடவ சன்னல் வழியா மோர் குடுத்தேன். அதுக்கு அந்தப் பிள்ளைய அடிச்ச சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அதுலருந்து நாங்க அந்தப் பக்கம் பாக்குறதில்ல. இப்படித்தான் சொன்னாள்.

கடைசி நாள் காலையிலிருந்தே மகிமாவுக்கு இழுப்பு இருந்திருக்கிறது. நீ அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குமுளிக்குப் போயிருக்கிறாய். அவள் உறிஞ்சுகிற மருந்து தீர்ந்துவிட்டது. சன்னல் இடுக்கு வழியாகக் கஸ்தூரியம்மாளைக் கூப்பிட்டு, அக்கா, கதவைத் திறக்கச் சொல்லுங்க என்று சொல்லியிருக்கிறாள். பூட்டை உடைக்கக் கஸ்தூரியம்மாளுக்குப் பயம். புருஷனைக் கூட்டி வரத் தோட்டத்துக்குப் போனாள். அவர் அடுத்த வீட்டுப் பூட்டில் நாம் கை வைத்தால் வம்பாகிவிடும், அந்தப் பிள்ளையின் புருஷனே வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறார். அவள் திரும்பி வரும்போதும் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பிறகு நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது அந்தப் பெண் தன் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். தட்டுறது நின்னதும் நாங்க தூங்கிருச்சுன்னு நினைச்சோம்மா, சத்தியமா அப்படித்தான் நினைச்சோம் என்றாள்.

நீ சாயங்காலம் வந்தாய். உள்ளே போனாய். பிறகு புழக்கடைப் பக்கம் ஸ்குரூ கழற்றுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நீ அழுத சத்தம் கேட்டது. இந்த வரிசையை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கர்ணன் சார் கற்றுக்கொடுத்த வழக்கம்.

ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேக்கலையே என்றாள். பொண்ணோட அப்பா வந்தாக, மாப்பிள்ளையக் கட்டிப்பிடிச்சு அவுகளே ஆறுதல் சொன்னாக, அதுல போயி நாங்க என்னத்தச் சொல்ல என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். பங்குனியில் தேவதானப்பட்டியிலிருந்து ஒருவர் வந்து, இவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று தெரு முழுக்கக் கேட்டாராம். எல்லாரும் தங்கமான பிள்ளை என்றுதான் சொல்லி அனுப்பினார்களாம். இவளும் அதையேதான் சொன்னாளாம். ஒரு குடும்பத்தக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு சொல்லிட்டோம், ஆனா நீங்க குடிவரப் போறவுக, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்ல என்றாள். எல்லாரும் ஒன்றுபோலப் புகழ்ந்ததில்தான் அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்து மதுரைக்குப் போயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீடு பிடிக்கவில்லை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை.

நேராகப் போடிக்குப் போனேன். அம்மாவிடம் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நீ அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கிறாய். போனவ போயிட்டா, இருக்கிறவனையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றியா, நீயும் ஒரு தாயாடி என்றாள். உன் தம்பிய நீயே காட்டிக்குடுத்தா உம் மகள எவன் கட்டுவான் என்றாள். பிறகு என் காலைப் பிடித்தாள். என்னைப் பெற்றவள், ஸ்டான்லி, மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தாள். நான் காலை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு என்னை ஆண்டவர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

வரும் வழியில் இம்மானுவேல் மாமா கடை. தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அவர் கூப்பிட்டுவிட்டார். சாரலில் நனைந்திருக்கிறாயே என்று ஒரு குடையை எடுத்துக் கையில் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கல்யாணம் பேசுறாகளாமே, நல்லதும்மா, எம் மகளும் அதத்தான் விரும்புவா என்றார். அந்தக் குடை இப்போது என் எதிரில்தான் இருக்கிறது. அதை என்னால் விரிக்க முடியவில்லை.

உன் அத்தானிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. சொன்னபோது அவர் கடையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் கொண்டிய நாந்தான் எடுத்துக் குடுத்தேன், மாட்டுறதுக்கு ஸ்குரூடிரைவரும் குடுத்து அனுப்புனேன் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அன்று முழுக்க யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடையைச் சாத்துகிற நேரத்தில், உனக்கு எது சரின்னு படுதோ எழுது, அபிதாவுக்கு மாப்பிள்ளை வராட்டா இங்கனயே இருந்துட்டுப் போறா என்றார்.

மறுநாளே எழுதினேன். உரக்கடைக்காரருக்கு நேராக அல்ல, கர்ணன் சாருக்குத்தான். முதல் வரியில் ஸ்டான்லி என் தம்பி என்று எழுதினேன். மறைத்து வைத்துக்கொண்டது என் தப்பு, இனி என்னை இந்த வேலைக்கு வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம் என்று எழுதினேன். பிறகு கூடலூரில் கேட்டதையும் கண்டதையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். உன் அத்தான்தான் ஸ்கூட்டரில் தபாலாபீசுக்குக் கூட்டிப்போனார். பெட்டியில் போடும்போது ஒரு நிமிஷம் கை நின்றது. உன்னை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பியபோது இதே மாதிரிதான் நின்றேன். ஞானசெல்வி அந்தப் பந்தியில் சிரித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டேன். நீ இதைப் படிக்கிறபோது தேவதானப்பட்டியில் எல்லாம் தெரிந்திருக்கும். நீ தடுக்கக்கூடாது என்றுதான் முதலில் அதை அனுப்பிவிட்டு உனக்குப் பிறகு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை, தம்பி. சின்ன வயதில் நீ சேட்டை செய்தால் அம்மா உன்னைச் சாமான் அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவாள். இருட்டென்றால் உனக்கு ஆகாது. அக்கா, அக்கா என்று கதவைத் தட்டுவாய். அம்மா அந்தப் பக்கம் போனதும் நான் ஓடி வந்து திறப்பேன். நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுவாய். உள்ளேயிருந்து தட்டுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று உனக்கா தெரியாது?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுத எனக்கு உரிமை இல்லை. அது மகிமாவுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் உள்ளது.

நான் உன்னைக் கேட்பது ஒன்றுதான். புறப்பட்டு வா. கல்யாணத்துக்கு இல்லை. என் வீட்டுக் கதவைத் தட்டு. எந்த நேரமானாலும் நான் திறப்பேன், அதில் நீ சந்தேகப்படாதே. ஆனால் உன்னை உட்காரச் சொல்ல மாட்டேன். அந்தக் குடையை எடுத்துக்கொண்டு உன்னோடு புறப்படுவேன். முதலில் போடிக்கு, இம்மானுவேல் மாமா வீட்டுக்கு. பிறகு கூடலூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு. மாமாவிடம் நீதான் உன் வாயால் சொல்ல வேண்டும். நீ சொல்லி முடிக்கிற வரை உன் பக்கத்தில் நிற்கிறேன். அதற்கு நீ வரவில்லையென்றால், நானே போய் அவரிடம் சொல்ல வேண்டிவரும். அது மட்டும் என்னால் ஆகாது, தம்பி. அவர் மறுபடியும் உன் சுகத்தைக் கேட்டுவிடுவாரோ என்று பயமாயிருக்கிறது.

வா.

உன் அக்கா,
சாராள்